கரையரிப்பு நீங்கலாக

வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை முதலெழுத்திலிருந்து முடிவெழுத்து வரை வாசிப்பவர் நம்மில் மிகச் சிலரே. வங்கியில் கடன் வாங்கும் சமயத்தில் கையெழுத்திடுகிற பல காகிதங்களுள் ஒன்றாக அது வீடு வந்து சேர்கிறது. பிறகு பீரோவில் கிரயப் பத்திரத்துக்கு அடியில் மறைந்து கிடந்து, ஆபத்து நேர்ந்த நாளில்தான் தேடப்படுகிறது. ஆயினும் மனிதன் தன் விதியைப் பற்றி எழுதி வைத்துக்கொண்ட சாஸனங்களுள் ஒன்றாக அதையும் கருதி வாசிக்கலாம் என்பது என் எண்ணம். எது எதிர்பாராமல் வருவது, எது நிச்சயமாக வரவிருப்பது, எந்த நஷ்டத்தை முகமறியாத அயலார் நமக்காகச் சுமப்பர், எதை நாம் தனித்தே சுமக்கவேண்டும் என்னும் கேள்விகளுக்கெல்லாம் அது விடை வகுத்து வைத்திருக்கிறது. இக்கேள்விகள் கணக்கரின் கேள்விகள் மாத்திரம் அல்ல. சமயவாதிகளும் தத்துவ விசாரம் செய்தவர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்தவை.

2021ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நம் நாட்டில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பெயரில், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக அமைந்த வீட்டுப் பாலிசி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதில் ஆபத்துக்களின் ஜாபிதா ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. தீ, மின்னல், பூகம்பம், எரிமலை. புயல், சூறாவளி, வெள்ளம், சுனாமி. மண்சரிவு, பாறைச் சரிவு. கலகம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம். இவற்றால் வீடு சிதைந்த ஏழு நாட்களுக்குள் நடக்கும் களவு என்று அது நீண்டு செல்கிறது. கட்டடத்தின் பரப்பையும் கட்டுமானச் செலவின் விகிதத்தையும் பெருக்கி வீட்டின் மதிப்பைக் காண்கிறார்கள். அத்தொகையில் 20 சதவிகிதம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்கிறது. நகைகளுக்கும் அதுபோன்ற விலையுயர்ந்த பொருள்களுக்கும் தனியாக எழுதிக்கொடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டார் என்ற காரணத்தைச் சொல்லி இழப்பீட்டைக் கத்தரிக்கும் பழைய வழக்கத்தை இப்பாலிசியில் விட்டுவிட்டார்கள். வீடு வசிக்கத் தகாமற்போன காலத்துக்கு வேறிடத்தில் குடியிருக்கும் வாடகையும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசி வெள்ளத்தை ஏற்பதில்லை. அதற்கென்று 1968இல் அந்நாட்டு அரசாங்கமே தனித் திட்டம் வகுக்க நேர்ந்தது. 2005இல் கத்ரீனா என்னும் புயல் அடித்து ஓய்ந்த பின்னர், வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்று நியாயஸ்தலங்களில் நெடுங்காலம் வழக்காடினார்கள். நம் பத்திரத்தில் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்திருப்பது, ஏழைகளுக்கு இல்லாவிட்டாலும் வீடுடையவர்களுக்கு, ஒரு பெரும் அனுகூலம் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் நிலம் அமிழ்வதைப் பற்றிப் பேசும் இடத்தில் அப்பத்திரம் சில விலக்குகளைக் கூறுகிறது. புதிய கட்டடம் இயல்பாகப் படிந்து விரிசல் விடுவது, குறையுள்ள வேலைப்பாடு, மண் நிரப்பி மேடாக்கிய தரை இறங்குவது ஆகியவற்றோடு, கடற்கரையும் ஆற்றங்கரையும் அரிக்கப்படுவதும் அவ்விலக்குகளில் ஒன்று. வீடு நிற்கும் மனையின் விலையும் எக்காலத்தும் கணக்கில் சேர்வதில்லை. ஆக, ஒரே கடலின் இரண்டு செய்கைகளில் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது அந்தப் பத்திரம். ஒரு காலை நேரத்தில் பாய்ந்து வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போகும் கடலுக்கு இழப்பீடு உண்டு. வருஷந்தோறும் சிறிது சிறிதாகக் கரையைத் தின்று, ஒருநாள் அதே வீட்டின் அஸ்திவாரத்தைத் தொடும் கடலுக்கு இழப்பீடு இல்லை. இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கும் தத்துவத்தைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

விசாரணைக்கு ஏற்ற இடம் நொச்சிக்குப்பம். மயிலாப்பூருக்குக் கிழக்கே, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே, கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கத்தை நோக்கிச் செல்லும் லூப் ரோட்டை ஒட்டி, தெற்கே சீனிவாசபுரம் வரை மீனவர் குப்பங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓலைக் குடிசைகள் நின்ற இடத்தில், 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியத்தின் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உப்புக்காற்றில் அவை இற்றுப்போக, இடித்துவிட்டு மறுபடியும் கட்டினார்கள். படகுகள் மணலில் கிடக்கின்றன. வலைகள் வாசலில் காய்கின்றன. கரைக்கு வந்த மீன் சாலையோரத்திலேயே விலையாகிறது. ஒரு தலைமுறைக்குள் ஒரே குடும்பம் குடிசையிலும், பழைய மாடியிலும், புதிய மாடியிலும் வாழ்ந்திருக்கக் கூடிய இந்த ஊரில், வீடு என்பது அநித்தியம் என்று எவரும் உபதேசிக்கத் தேவையில்லை.

இக்கரையைப் போலப் பல சமயங்களும் வந்து கைகூப்பும் கரை வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது. மயிலையில் மாசி மாதத்துக் கடலாட்டு விழா நடந்ததைத் திருஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் குறித்திருக்கிறார். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி தீர்த்தவாரிக்குக் கடலை நோக்கி எழுந்தருளுகிறார். சாந்தோம் பேராலயத்தின் பின்னே கடலைப் பார்த்தபடி ஒரு மரத்தூண் நிற்கிறது. தோமையார் நாட்டியது அது என்பதும், கடல் அதைத் தாண்டி வராது என்பதும் ஐதிகம். 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி வந்தபோது பேராலயத்துக்குச் சேதமில்லை. அன்று அந்த ஐதிகம் பலருடைய உள்ளத்தில் நம்பிக்கையாக வேரூன்றியது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே காலையில் வேளாங்கண்ணியில் மாதாவைத் தரிசிக்க வந்து கடற்கரையில் நின்றிருந்த யாத்ரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அங்கேயும் ஆலயம் நின்றது. சென்னையில் மெரினாவில் உலாவ வந்தவர்களும், மணலில் கிரிக்கெட் ஆடிய சிறுவர்களும், குப்பத்து ஜனங்களுமாக இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாடு முழுவதிலும் இறந்தவர் ஏறத்தாழ 8,000 பேர். தூண் காத்தது என்று சொல்லும் நாவு, யாத்ரிகரை யார் கைவிட்டார் என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

தெய்வத்தை நம்புகிறவன் தன் வீட்டைக் காப்பீடு செய்யலாமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் பல நாடுகளில் பெரியோர் இதை மெய்யாகவே கேட்டு வருந்தியிருக்கிறார்கள். நாளைய தீங்குக்கு இன்றே பணம் கட்டுவது, நாளையை ஆளுகிறவன்மேல் அவநம்பிக்கை கொள்வதாகாதா என்று பக்தர் சிலர் அஞ்சினார்கள். நிச்சயமில்லாத ஒன்றை விலைபேசுவதும், சூதின் சாயல் படிந்ததும், வட்டி கலந்ததும் ஆகாது என்று இஸ்லாமிய அறிஞர் பலர் வழக்கமான காப்பீட்டை ஒதுக்கினார்கள். ஒதுக்கியதோடு நில்லாமல், எல்லாரும் பொதுநிதியில் தானமாக இட்டு, துன்புற்றவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தகாஃபுல் என்னும் முறையைச் சமைத்தார்கள். மலேசியாவில் 1984இல் அதற்கென்று சட்டமே இயற்றப்பட்டது. நம் நாட்டிலோ ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956இல் அமைந்தபோது, தீபத்தைக் காக்கும் இரு கரங்களைத் தன் முத்திரையாகக் கொண்டு, பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் தன்னையே சரணடைந்தவருடைய யோகக்ஷேமத்தைத் தானே தாங்குவதாகக் கண்ணன் கொடுத்த வாக்கை அதன்கீழ்ப் பொறித்துக்கொண்டது. பகவானின் பிரதிக்ஞையை ஒரு கழகம் எடுத்துக்கொள்வது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. தகும் என்றே நான் நினைக்கிறேன். தெய்வம் மனிதர்களின் கைகளைக் கொண்டே தாங்குகிறது என்பதை ஒப்புக்கொண்டால், பல லட்சம் கைகள் சேர்ந்து ஒருவனைத் தாங்கும் ஏற்பாட்டில் அந்த வாக்குறுதி நிறைவேறுவதாகக் கொள்வதில் பக்திக்கு எந்தக் குறையும் இல்லை.

வள்ளுவரும் அறத்துப்பாலின் முடிவில் ஊழை வைத்தார். பொருட்பாலின் இடையே ஆள்வினை உடைமையை வைத்தார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அவர் அழித்துவிடவில்லை. ஊழ் வலியது என்பதை ஏற்றவனும் முயன்றே ஆகவேண்டும் என்பது இந்நாட்டின் பழைய நிலைப்பாடு. காப்பீடு விதியைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பாலிசி வாங்கியவனுடைய வீட்டைக் கண்டு புயல் ஒதுங்கிப் போவதில்லை. வரவேண்டியது வரத்தான் செய்கிறது. வந்த துன்பத்தின் பாரம் ஒரு தலைமேல் நிற்காமல் பல தலைகளின்மேல் பகிர்ந்து வைக்கப்படுகிறது, அவ்வளவே. அதைச் சூதாட்டம் என்பதும் பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அயலான் உயிரின்மேல் பந்தயம் கட்டிக் காப்பீடு வாங்கிய ஒரு கெட்ட காலம் இருந்தது உண்மை. 1774இல் அங்கே இயற்றிய சட்டம், எவனுக்கு நஷ்டம் உண்டாகுமோ அவனே காப்பீடு செய்யலாம் என்று விதித்து அந்த வாசலை அடைத்தது. இழந்ததற்கு மேல் ஒரு காசும் பெறக் கூடாது என்பது இன்றும் பொதுக் காப்பீட்டின் ஆதார விதி. சூதாடி லாபத்தை விரும்பி ஆடுகிறான். காப்பீடு செய்தவனோ, தான் கட்டிய பணம் வீணாகி அயலாருக்கே போய்ச் சேரவேண்டும் என்று மனமார வேண்டுகிறான். கட்டிய பணம் திரும்பி வரவில்லையே என்று நம் ஜனங்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போது, அது எங்கோ ஒரு கடலோரத்தில் கூரை இழந்தவனுக்குக் கூரையாகிவிட்டது என்று யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பெருந்துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்வியில் பெரியோர்களும் இடறியிருக்கிறார்கள். 1755ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, சகல புனிதர் திருநாளில், ஜனங்கள் கோயில்களில் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்திலும் அலையிலும் தீயிலும் அழிந்தது. கடவுளின் நன்மையில் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்ற கொள்கையை வால்டேர் அதன்பின் ஏற்க மறுத்தார். அவருக்கு 1756இல் எழுதிய கடிதத்தில் ரூஸோ, ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டிக் குவித்தது இயற்கை அன்று, மனிதர்களே என்று சுட்டிக் காட்டினார். 1934ஆம் வருஷம் ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பூகம்பம் நிகழ்ந்தபோது காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையாகத் தென்னாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தெய்வ தண்டனையே அது என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் அதை ஒப்பவில்லை. பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்று மறுத்து எழுதினார். காந்தியடிகளின் நெஞ்சில் இருந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும், தீண்டாமையை இழைத்தவனும் அதனால் வருந்தியவனும் ஒரே இடிபாட்டின் கீழ் நசுங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, தாகூரின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. 2004இல் அலை வந்து போனதும் யார் பாவம், எந்த ஊர்ப் பாவம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். பிணங்களைப் புதைத்த கை உலராமல் அத்தகைய பேச்சைக் கேட்க நேர்ந்த ஜனங்களின் நிலையை என்னென்பது?

காப்பீட்டுப் பத்திரத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தில் அது கடைப்பிடிக்கும் மௌனத்தைத்தான். துன்புற்றவன் அதற்குத் தகுதியானவனா என்று அது கேட்பதில்லை. பொய் சொல்லாதே, வேண்டுமென்றே தீவைக்காதே என்ற இரண்டு நேர்மைகளுக்கு மேல் அது ஒருவனுடைய பூர்வ கர்மத்தை ஆராய்வதில்லை. சாமான்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரனுடைய பொறுப்பைப் பற்றிப் பேசும் பழைய ஆங்கிலச் சட்டம், தெய்வச் செயலால் நேர்ந்த சேதத்துக்கு அவனைப் பிணைப்பதில்லை. அந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, தெய்வச் செயலுக்குக் காப்பீட்டிலும் பணம் வராது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. புயலும் பூகம்பமும் சுனாமியும் ஜாபிதாவில் பெயர் பெற்று நிற்கின்றன. தெய்வச் செயல் என்று உலகம் கைகழுவும் இடத்தில்தான் இந்த ஒப்பந்தம் தன் கடமையைத் தொடங்குகிறது. சமயங்கள் பேசும் கருணைக்கு இதைவிட நெருங்கிய லௌகிக ஏற்பாடு ஒன்றை நான் அறியேன்.

பாவத்தைக் கேளாத அந்தப் பத்திரம், ஆனால், காகிதத்தைக் கேட்கிறது. வீடு உன்னுடையதா என்று கேட்கிறது. நொச்சிக்குப்பத்தில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. பல தலைமுறைகளாக வாழ்ந்த கரை அரசாங்கத்தின் ஏட்டில் புறம்போக்கு. வாரியக் குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணையின் பேரில் கிடைத்தது. ஒதுக்கீடு பெற்றவர் காலமாகி, பிள்ளைகள் பிரிந்து, கிரயப் பத்திரம் கைக்கு வராமலே ஒரு தலைமுறை கழிந்துவிடுவது வாரியக் குடியிருப்புகளில் சகஜம். உரிமைப் பத்திரம் இல்லாதவர் வீட்டுச் சாமான்களை மட்டும் காப்பீடு செய்துகொள்ளலாம். ஆனால் மீனவர் வீட்டின் செல்வம் பீரோவிலும் தொலைக்காட்சியிலும் இல்லை. வாசலில் காயும் வலையிலும், மணலில் கிடக்கும் பைபர் படகிலும், அதன் இயந்திரத்திலும் இருக்கிறது. வீட்டுப் பாலிசி அவற்றை வீட்டுப் பொருளாக எண்ணுவதில்லை. 2015ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பின் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் காப்பீட்டு நிறுவனங்களிடம் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கோரப்பட்டது. அதில் மிகப் பெரும் பகுதி ஆலைகளுக்கும் வியாபாரங்களுக்கும் வாகனங்களுக்கும் உரியது. குடியிருக்கும் வீட்டுக்காகக் கேட்டவர் சிலரே, குப்பத்தார் அச்சிலரிலும் அரியர். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973இல் தேசவுடைமையானபோது அமைந்த நான்கு நிறுவனங்களுள் ஒன்றாகிய யுனைடெட் இந்தியா இதே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது என்பதையும் இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. ஜனங்களுக்காக ஜனங்களின் பணத்தில் அமைந்த ஸ்தாபனம், கடலுக்கும் தனக்கும் நடுவே வாழ்பவரை எட்டவில்லை என்பது நம் எல்லார்க்கும் உரிய குறை.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அரசாங்கம் அந்த எல்லையைத் தாண்டிற்று. சுனாமிக்குப் பின் 2005ஆம் வருஷம் மார்ச் 30ஆம் தேதி பிறந்த 172ஆம் எண் அரசாணையின்படி கட்டித் தந்த புதிய வீடுகளுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை அளித்ததோடு, பத்தாண்டுக் காலத்துக்குக் காப்பீடும் செய்ய ஏற்பாடாயிற்று. அதை எண்ணும்போது உள்ளம் நிறைகிறது. ஆனால் அதே ஆணை வேறொன்றும் சொன்னது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர், அந்த இடத்தை விட்டு உள்ளே வந்தால் ஒன்றரை லட்ச ரூபாய் பெறுமான வீடு. வர மனமில்லையேல் இருந்த இடத்திலேயே தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி இல்லை. கடலைக் கண்ணால் பார்த்து, நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் கொண்டு அன்றைய பாட்டைக் கணிக்கிறவனுக்கு 200 மீட்டர் என்பது சிறிய தூரம் அன்று. பட்டினப்பாக்கத்துக் கரையிலிருந்து செம்மஞ்சேரிக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கோ அது பல மைல் ஆகிவிட்டது. கடலினின்று தப்பிய அவர்கள் அங்கே மழைக்காலந்தோறும் தேங்கும் வெள்ளத்தில் நின்றார்கள். காத்தல் என்ற பெயரால் ஒருவனை அவன் வாழ்வின் ஆதாரத்திலிருந்து பிரித்துவிடலாமா என்பது அறநூல்கள் விடைகாண வேண்டிய கேள்வி. உயிரைக் காப்பது முதல் கடமை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பிழைப்பும் உயிரின் ஒரு பாகந்தான்.

அந்நாட்களில் கடலோர ஊர்கள் பலவற்றில் நடந்த ஒன்று என் சிந்தையை விட்டு நீங்குவதில்லை. வெளியிலிருந்து வந்த நிவாரணப் பொருள்களை ஊர்ப் பஞ்சாயத்தார் ஓரிடத்தில் சேர்த்து, சேதம் மிகுந்தவன், சேதம் குறைந்தவன் என்று பாராமல் குடும்பத்துக்கு ஒரு பங்காக வகுத்துக் கொடுத்தார்கள். தொண்டு செய்ய வந்தவர் சிலருக்கு அது அநியாயமாகத் தோன்றியது. இழந்தவனுக்கு அல்லவா கொடுக்கவேண்டும் என்று வாதித்தார்கள். எனினும் அந்த வழக்கத்தில் காப்பீட்டின் ஆதி வடிவத்தையே நான் காண்கிறேன். இன்று உன் படகு போயிற்று, நாளை என்னுடையது போகும். ஆகையால் இன்றைக்கே கணக்கு வேண்டாம் என்பது கடலை அறிந்தவர்களின் நியாயம். அதற்குப் பத்திரமும் முத்திரையும் இல்லை. வெளியூரானுக்கு அதில் இடமும் இல்லை. ஊர் முழுவதும் ஒரே நாளில் அழியும்போது பங்கிட்டுக்கொள்ள எதுவும் மிஞ்சாது என்பதும் அதன் குறை. அந்தக் குறையைத்தான் அயலூரார் கட்டும் பணம் தீர்க்க முடியும்.

இனி, கரையரிப்புக்கு வருவோம். கடல் திடீரென்று எழுவதை ஏற்கும் பத்திரம், மெல்ல அரிப்பதை ஏன் தள்ளுகிறது? நிச்சயமாக வரப்போவதைக் காப்பீடு செய்ய இயலாது என்பதே காப்பீட்டுக்காரர் சொல்லும் காரணம்; வருமோ வராதோ என்ற ஐயம் இருக்கும் வரையில்தான் பலர் சேர்ந்து சிலரைத் தாங்கமுடியும். காரணம் சரியானதே. நம் சாஸ்திரங்கள் வினையை மூன்றாகப் பிரித்தன: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், அனுபவித்தே தீரவேண்டிய பிராரப்தம், இப்பொழுது செய்துகொண்டிருக்கும் ஆகாமியம். எங்கோ சுமத்திராவின் அருகே கடலடிப் பாறை பிளந்து எழுந்த அலையைப் பிராரப்தத்தோடு ஒப்பிடலாம்; நாம் அதை விளைவிக்கவில்லை, தடுக்கவும் இயலாது. கரையரிப்போ பெரும்பாலும் ஆகாமியம். நம் கண்முன்னே நம் கைகளால் செய்யப்பட்டுக்கொண்டிருப்பது.

சென்னைக் கடற்கரையே இதற்குச் சாட்சி. இக்கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வருஷந்தோறும் ஆறுபோல் நகர்கிறது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, 1881ஆம் வருஷத்துப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டி முடித்த சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகள் அந்த நடையை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலப்படுத்திற்று; மணல் வரத்து நின்றுபோன வடகரையில், இராயபுரம் தொட்டுத் திருவொற்றியூர் வரைக்கும், கடல் தெருக்களையும் வீடுகளையும் கோயில்களையும் எடுத்துக்கொண்டது. நாம் மாலையில் உலாவி மகிழும் மணல், வடசென்னை மீனவர் இழந்த மணல். இதைச் செய்தது விதி அன்று. பொறியாளர் திட்டம், அரசாங்க உத்தரவு, வியாபார நன்மை. தென்பகுதியிலும் அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த சீனிவாசபுரத்தில் அலைகள் வீடுகளை ஒவ்வொரு வரிசையாக இடித்து வந்திருக்கின்றன. அங்கே இடிந்த சுவர்களுக்கு எந்தப் பாலிசியும் பதில் சொல்லாது.

ஆதலால் அந்த விலக்கை நான் வேறொரு விதமாக வாசிக்கிறேன். கரையரிப்பைக் காப்பீட்டுக்காரன் தள்ளும்போது, இது எதிர்பாராதது அன்று, இதற்குக் காரணம் தெரியும் என்று அவன் நமக்குச் சாட்சியம் சொல்லுகிறான். காரணம் தெரிந்த நஷ்டத்துக்குக் காரணகர்த்தா பொறுப்பு. மற்றெல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் அன்று அது; கல்லைக் கொட்டியவர்கள் சுமக்க வேண்டிய பாரம். கலிபோர்னியாவில் காட்டுத்தீ ஆண்டுதோறும் மூண்டு, 2023ஆம் வருஷம் அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்று அங்கே வீடுகளுக்குப் புதிதாகக் காப்பீடு எழுதுவதை நிறுத்தியபோதும் உலகுக்குக் கிடைத்தது இதே சாட்சியம்தான்: ஐயமாக இருந்த ஆபத்து நிச்சயத்தை நெருங்கிவிட்டது. வெப்பம் மிகுந்து கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், ஜாபிதாவில் இருக்கும் பெயர்கள்கூட ஒவ்வொன்றாக விலக்குகளின் பக்கம் நகரக்கூடும். அப்போதும் விதி என்று சொல்லி வாளாவிருப்போமாயின், வினை செய்தவர் தப்புவார். அனுபவிப்பவர் நொச்சிக்குப்பத்தார் ஆவர். ஊழை நம்பும் சமயவாதியே இதை எல்லாரினும் உரக்கச் சொல்லவேண்டும். ஏனெனில் செய்கிறவனுடைய வினையைப் பிறனுடைய ஊழாகக் கணக்கெழுதுவது ஊழின் பெயரால் செய்யும் பொய்.

செய்யக்கூடியது இரண்டு. திடீர் ஆபத்துக்குக் குப்பம் முழுவதையும் ஒரே பாலிசியின்கீழ்க் கொண்டுவர முடியும். கிரயப் பத்திரம் கேளாமல், குடியிருப்பையே ஆதாரமாகக் கொண்டு, கட்டணத்தைப் பகிர்ந்து கட்டும் ஏற்பாடு அது. அதற்கு முன்மாதிரியை வேறெங்கும் தேடவேண்டாம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேமிக்க, மாநில அரசு 1,500, மத்திய அரசு 1,500 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாக அவர் கையில் கொடுக்கிறார்கள். நாகாலாந்து மாநிலத்தில் மழையின் அளவு குறித்த எல்லையைத் தாண்டினாலே தொகை வந்து சேரும்படி அரசாங்கமே காப்பீடு வாங்கிவைத்திருக்கிறது. சேதத்தைக் கணக்கிடும் ஸர்வேயருக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. இவ்விரண்டையும் சேர்த்து, காற்றின் வேகமோ அலையின் உயரமோ ஓர் எல்லையைக் கடந்தால் வீட்டுக்கும் படகுக்கும் வலைக்கும் சேர்த்து ஒரு தொகை என்று எழுதிவிடலாம். கரையரிப்புக்கு அந்த வழி உதவாது. அங்கே துறைமுகத்தையும் தடுப்புச் சுவர்களையும் முகத்துவார வேலைகளையும் செய்கிற ஒவ்வொருவரும், வேலையைத் தொடங்கும் முன்பே, வடக்கே எவருடைய கரை எத்தனை அடி குறையும் என்று அளந்து, அந்தக் கரையில் வாழ்வோரைக் கூட்டி அறிவித்து, நஷ்டத்தை வேலையின் செலவிலேயே எழுதவேண்டும்; எழுத மறுப்பவரை நியாயஸ்தலத்துக்கு இழுக்க, பட்டா இல்லாத மீனவருக்கும் வழக்குரிமை இருக்கவேண்டும்.